பெத்சதாக் குளத்தங்கரை

நமது பங்குக் கோயிலில் நண்பகல் மூவேளைச் செபத்திற்கான மணியை அடிப்பவன் ஒரு பிள்ளை. பிள்ளை என்று நாம் குறிப்பிட்டாலும் 2021-ஆம் ஆண்டில் அவனுக்கு வயது முப்பத்து நான்கு. பங்கு மக்கள் அனைவரும் அவனைத் ‘தம்பி’ என்றே அழைப்பதால், இங்கும் அப்பெயரே இருக்கட்டும். டவுன் சிண்ட்ரோம் எனப்படும் நிலையோடு பிறந்தவன். கடிகாரம் பார்க்கத் தெரியாது. தாயார் உலைப்பானையை இறக்கியதும் எழுந்து நேரே மணிக்கூண்டுக்கு வந்துவிடுவான். மும்மூன்றாக அடிக்கவேண்டிய மணியைச் சில நாட்களில் நான்காகவும் அடிப்பதுண்டு. ஊரில் எவரும் இதுவரை குறை கூறியதில்லை.

2021 ஏப்ரல் 26 முதல் தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்களில் மக்கள் கூடுவதற்குத் தடை இருந்தது. அடைத்த கதவுக்குள் நாம் தனியே திருப்பலி நிறைவேற்றி வந்தோம். ஆயினும் மணி நிற்கவில்லை. மே மாதத்தின் இரண்டாவது வாரத்தில் ஒரு நண்பகல் மணியோசை கேட்கவில்லை. உறங்கிவிட்டான் போலும் என்றெண்ணி நாமே சென்று கயிற்றை இழுத்தோம். மறுநாளும் நாமே அடித்தோம். மூன்றாம் நாளும் அவ்வாறே. அவனது வீடு கோயிலுக்குப் பின்னால் நாற்பது அடி தூரத்தில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்திற்கும் கோயிலுக்குமாக நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை என்பது உண்மையே. ஆனால் நாற்பது அடி நடக்க நேரமில்லை என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை.

நான்காம் நாள் காலையில் தாயார் வாசலில் வந்து நின்றார். “சாமி, தம்பி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. எங்கே நோகிறது என்று சொல்லவும் தெரியவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறான்” என்றார். சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்து விரலில் கருவியை மாட்டிப் பார்த்தபோது இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 86 என்று காட்டிற்று.

மாவட்டத் தலைநகரிலிருந்த மருத்துவமனையில், வாகனத்திலேயே நான்கு மணி நேரம் காத்திருந்த பின்னர் ஒரு படுக்கை கிடைத்தது. நோயாளியுடன் எவரும் உள்ளே வரலாகாது என்பது அங்கே விதி. தாயார் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சாமி” என்று கேட்டார். நாம் சொன்ன வார்த்தை இது: “அம்மா, தொற்று நோய்ப் பிரிவு அல்லவா? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டுக்கு வந்து செபமாலை சொல்லுங்கள்.” அந்த அம்மா மறுமொழி எதுவும் கூறவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. மருத்துவமனை வாயிலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் இரண்டு இரவுகள் அமர்ந்திருந்தார்.

உள்ளே நடந்ததைப் பின்னரே அறிந்தோம். முகக்கவசத்தின் வழியே வரும் ஆக்சிஜனைத் தம்பி ஏற்கவில்லை. அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். முகமே தெரியாமல் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தியவர்கள் வந்து வாயையும் மூக்கையும் மூடினால், அது உயிர் காக்கும் செயல் என்று அவனுக்கு யார் விளக்குவது? இறுதியில் கட்டுத்துணியால் அவன் கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். கட்டிய செவிலியரை நாம் பழிக்கவில்லை. அந்த இரவுகளில் அந்தச் சகோதரிகள் எத்தனை படுக்கைகளுக்கு இடையே ஓடினார்கள் என்பதை ஆண்டவர் அறிவார்.

மூன்றாம் நாள் பணி மாறி வந்த ஒரு செவிலியர் மருத்துவரிடம் மன்றாடித் தாயாருக்கும் பாதுகாப்பு உடை அணிவித்து உள்ளே அழைத்துச் சென்றார். தாயைக் கண்டும் தம்பி அலறினான். அவரும் வெள்ளையாகத்தானே வந்திருந்தார்! அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கட்டிலின் இரும்புக் கம்பியில் விரல் மடக்கித் தட்டினார்: மூன்று, மூன்று, மூன்று. அலறல் நின்றது. கட்டு அவிழ்க்கப்பட்டது. தாயார் கையில் பிடித்திருந்த முகக்கவசத்தை அவன் அதன்பின் விலக்கவேயில்லை. கஞ்சியும் அவர் கையாலேயே உண்டான். பதினொரு நாட்களுக்குப் பின் வீடு திரும்பினான்.

யோவான் நற்செய்தியில் வரும் பெத்சதாக் குளத்தைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். நீர் கலங்கியதும் முதலில் இறங்குபவனுக்கே சுகம். முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கரையில் கிடந்தவனை நோக்கி, நலம்பெற விருப்பமா என்று ஆண்டவர் கேட்கிறார். அவனோ ‘ஆம்’ என்று சொல்லாமல், தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்கிறான். இதை உறுதியற்ற மனத்தின் சாக்குப்போக்கு என்று விளக்கி, அந்த மனிதனைப் பீடத்திலிருந்து கடிந்துகொண்டதும் உண்டு. அவன் உள்ளதைத்தான் சொன்னான் என்று நமக்குப் புரிய ஒரு கொள்ளைநோய் வரவேண்டியிருந்தது.

நம் நாட்டில்தான் இந்நிலையோ என்று தேடிப் படித்தோம். செல்வமும் மருத்துவமும் மிகுந்த நாடுகளிலும் குளத்தங்கரை அப்படியேதான் இருந்தது. இங்கிலாந்தில் 2020 மார்ச் 20 அன்று வெளியான மருத்துவ வழிகாட்டியொன்று, தீவிர சிகிச்சை யாருக்குப் பயன்தரும் எனத் தீர்மானிக்க ஒன்பது படிகள் கொண்ட தளர்ச்சி அளவுகோலைக் காட்டிற்று. அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் உதவியை நாடுவோர் அந்த அளவுகோலில் தளர்ந்தோராகக் கணக்கிடப்படுவர். முதியோருக்காக வகுத்ததை, பிறவியிலேயே துணை தேவைப்படும் இளைஞருக்கும் பொருத்தினால் என்னாகும்? குடும்பங்களும் அமைப்புகளும் குரலெழுப்பவே, ஐந்தே நாட்களில், அறிவுசார் குறைபாடு உடையோருக்கு அதைப் பயன்படுத்தலாகாது என்று திருத்தினார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலோ, கடுமையான அறிவுசார் குறைபாடு உடையோர் செயற்கைச் சுவாசக் கருவிக்கு ஏற்றவரல்லர் எனும் கருத்துடைய ஏடு 2010 முதல் இருந்தது. 2020 ஏப்ரலில்தான் அது கைவிடப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் அலையில் கொரோனாவால் இறந்த அறிவுசார் குறைபாடு உடையோரின் விகிதம், வயது வேறுபாட்டைச் சரிசெய்து மதிப்பிட்டால், பொதுமக்களின் விகிதத்தைப் போல் ஆறு மடங்குக்கும் மேல். 18 முதல் 34 வயதினரிடையே அது 30 மடங்கு. தம்பியின் வயதை எண்ணிக்கொண்டு அந்த வரியைப் பலமுறை படித்தோம். இருதயக் கோளாறு, ஒடுங்கிய மூச்சுக் குழல், பலர் சேர்ந்து வாழும் இல்லங்கள் என உடலையும் வாழ்நிலையையும் சார்ந்த காரணங்கள் உண்டு. ஆனால் அவை மட்டுமே காரணமல்ல. நோவைச் சொல்லத் தெரியாதவனின் நோயைப் பிறர் காலந்தாழ்த்தியே அறிகிறார்கள். அவன் உண்ணாதிருந்தாலும் சுருண்டு கிடந்தாலும் ‘அவன் இயல்பே அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். நாமும் உறங்கிவிட்டான் என்றுதானே மணியடித்தோம்!

துணை வருவோரைப் பொறுத்தமட்டில், உடனிருப்பவர் இல்லாவிடில் இத்தகைய நோயாளி கலங்குவார் என்றால் ஒருவரை அனுமதிக்கலாம் என இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலேயே விதிவிலக்கு வந்துவிட்டது. நமது நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், மருத்துவமனையில் இவர்களைக் கவனிப்பதிலும் சிகிச்சையளிப்பதிலும் முன்னுரிமை தரவேண்டும் என்கிறது. ‘விதி எல்லோருக்கும் ஒன்றுதான்’ என்று தொலைபேசியில் தீர்ப்புரைத்த நாம் அச்சட்டத்தை அதுவரை புரட்டிப் பார்த்ததில்லை. தடுப்பூசியிலும் 2021 மார்ச் 1 முதல், 45 முதல் 59 வயது வரையுள்ள அறிவுசார் குறைபாடு உடையோருக்கு முன்னிடம் கிடைத்தது. இங்கிலாந்தின் ஆய்வொன்றில், டவுன் சிண்ட்ரோம் உடையோர் கொரோனாவால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைப் போல் பத்து மடங்கு என்று 2020-லேயே தெரியவந்திருந்தது. ஆனால் தம்பி தன் முறைக்காக மே வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, நோய் காத்திருக்கவில்லை.

வீடு திரும்பியவனைக் காண நாம் சென்றபோது கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டான். நமது வெள்ளை அங்கியே காரணம் என்பதைத் தாயார்தாம் எடுத்துச் சொன்னார். மறுநாள் கட்டம் போட்ட சட்டை அணிந்து சென்றோம், எட்டிப் பார்த்தான். இன்றும் நண்பகலில் நாம் அங்கியுடன் மணிக்கூண்டுப் பக்கம் போவதில்லை.

நமது பங்கில் இத்தகைய பிள்ளைகள் எழுவர் இருக்கிறார்கள். திடீரென மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் செவிலியர் கையில் கொடுப்பதற்கென, ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாள் எழுதி வைப்பதென இளைஞர் குழுவினரோடு முடிவு செய்தோம். உண்ணும் மருந்து, அஞ்சும் பொருள், அமைதிப்படுத்தும் வழி, உடனிருக்க வேண்டியவர் யார் என்பவற்றை அதில் குறித்தோம். தம்பியின் தாளை நாமே எழுதினோம். குருமடத்தில் கற்ற தமிழ் எங்கே போகும்? ‘இவர் தமக்குற்ற நோவினை வாய்மொழியால் வெளியிட இயலாதவர்’ என்று தொடங்கி, தாயாருக்குப் படித்துக் காட்டினோம்.

பொறுமையாகக் கேட்டிருந்தார். பிறகு, “அது சரிதான் சாமி. ஆனால் முதல் வரியில் இதைப் போடுங்கள்: தம்பி சுவரைப் பார்த்துப் படுத்தால் அவனுக்கு உடம்பு சரியில்லை” என்றார்.

நமது வரியை அடித்துவிட்டு அதை எழுதினோம்.