மன்னிப்பும் ஒரு சர்டிபிகேட்டும்

பழவேற்காடு ஏரி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பூநாரைதான். கேமராவோடு பொன்னேரி தாண்டிப் போகிறவர்கள், காட்டூர் மாதிரி ஏரியோரக் கிராமங்கள் பக்கம் கொஞ்சம் நின்று பார்த்தால் இன்னொரு காட்சியும் கிடைக்கும். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகரும் இருளர் பெண்கள். படகு கிடையாது, வலை கிடையாது. சேற்றைத் துழாவும் பத்து விரல்கள், வாயில் கவ்விய பனையோலைப் பறி, அவ்வளவுதான். விரலில் இறால் தட்டுப்பட்டால் பறிக்குள் போகும். முள் குத்தினால் அன்றைய கூலி போச்சு!

இவர்கள் ஏன் தண்ணீருக்கு வந்தார்கள்? இருளர்களின் பழைய பிழைப்பு பாம்பு, தேன், மூலிகை, எலி வேட்டை. 1882 மெட்ராஸ் வனச் சட்டம் காட்டை அரசாங்கச் சொத்தாக்கியது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு பாம்புத்தோல் வியாபாரமும் ஒடுங்கியது. (சட்டம் தப்பில்லை, பாம்பு பிழைக்கட்டும். பாம்பு பிடித்தவர் எப்படிப் பிழைப்பார் என்று யோசித்தவர்கள் குறைவு. 1978ல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஓர் அபூர்வ விதிவிலக்கு.) மற்றவர்களுக்கு மிஞ்சியது அரிசி ஆலை, செங்கல் சூளை, உப்பங்கழி.

2008ல் இரண்டு பிரதமர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் கெவின் ரட், ஜூனில் கனடாவின் ஸ்டீபன் ஹார்ப்பர். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்த பாவத்துக்காக. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருடம் ஐ.நா.வில் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனம் வந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்ட நான்கு நாடுகளில் இந்த இரண்டும் உண்டு. இந்தியா ஆதரித்தது. ஆனால் சுதந்திரத்தின்போது இங்கே இருந்த எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்று ஒரு விளக்கமும் சேர்த்துச் சொன்னது. எல்லோரும் பூர்வகுடி என்றால் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது!

சரி, மன்னிப்பு வேண்டாம். ஒரு சர்டிபிகேட்? இருளர் பட்டியல் பழங்குடி. அதிலும் தமிழ்நாட்டில் மிகவும் நலிந்ததாகக் குறித்த ஆறு பழங்குடிகளில் ஒன்று. ஆனாலும் பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்குப் போனால், அப்பாவின் சான்றிதழ் எங்கே என்பதே முதல் கேள்வி. அப்பா சூளையில் கொத்தடிமையாகக் கிடந்தவர். 1976லேயே சட்டம் ஒழித்துவிட்ட முறை அது. அவரிடம் காகிதம் ஏது? 2021 தீபாவளியன்று பூஞ்சேரியில் முதலமைச்சர் நேரில் போய் நரிக்குறவர்களுக்கும் இருளர்களுக்கும் பட்டாவும் சான்றிதழும் கொடுத்தார். நல்ல காரியம். ஆனால் தாலுகா ஆபீஸில் சாதாரணமாகக் கிடைக்க வேண்டிய காகிதம், முதலமைச்சர் கையால் வந்து செய்தியாக வேண்டியிருந்தது பாருங்கள்...

இதில் அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஏரிக்குள்ளேயே ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பெயர் பாடு. நல்ல மீன் விழும் இடத்தில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்று பட்டினவர் ஊர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. சண்டையில்லாமல் மீனைப் பங்கிடும் அருமையான முறை என்று ஆராய்ச்சியாளர்கள் பாராட்டுகிறார்கள். உண்மைதான், உள்ளே இருப்பவர்களுக்கு. இருளருக்கு அதில் முறை கிடையாது. வலை கட்டாத ஆழமற்ற ஓரம்தான் அவர்களுக்கு.

பட்டினவரும் வசதியானவர்கள் இல்லை. துறைமுகம், அனல்மின் நிலையம் என்று வடசென்னைக் கடற்கரையில் வந்ததெல்லாம் அவர்களையும்தான் நெருக்கியது. ஆனால் அவர்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, சங்கம் உண்டு, கலெக்டரிடம் போய்க் கத்த ஆள் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் பெரும்பாலும் படகு, வலை கணக்கில்தான் வந்தது. படகும் வலையும் இல்லாதவர் எதை இழந்ததாக எழுதிக் கொடுப்பார்?

இருளரோடு சமாதானம் என்று ஒன்று வந்தால் அது டெல்லியில் படிக்கும் அறிக்கையாக இருக்காது. மீனவர் பட்டியலில் கையால் பிடிப்பவர் பெயரும் ஏற வேண்டும். பாடு பேசும் கூட்டத்தில் அவர்களுக்கும் உட்கார இடம் வேண்டும். பட்டியலில் ஏற்றுவது அரசாங்கத்தின் வேலை. கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டியது பக்கத்துக் குப்பம்.