மேடும் பள்ளமும்

டோக்கியோவில் எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக ஒரு ஜப்பான் பையன் வந்தான். சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. மற்றவர்கள் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்கிற தப்பை, காபி ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுவான். ஆனால், போன் அடித்தால் போச்சு! பேசிக்கொண்டே குறிப்பெடுக்க வராது. மீட்டிங்கில் மேனேஜர், "என் பிளான் எப்படி?" என்று கேட்டால், "நடக்காது" என்பான்.

அங்கே இது மகா குற்றம். 'கூகி ஓ யோமு' என்பார்கள். அதாவது, காற்றைப் படிக்கணும்! யாரும் வாய் திறக்காமலே அறையில் என்ன ஓடுகிறது என்று புரிந்துகொள்ளணும். படிக்கத் தெரியாதவனுக்கு 'கே.ஒய்.' என்று பட்டப்பெயர். 2007 வாக்கில் நாடு முழுக்கப் பரவிய கிண்டல். நானும் அவனை அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். (அந்தக் காற்றில் எனக்கே பாதி எழுத்து புரியாது என்பது வேறு விஷயம்!)

ப்ரொபேஷன் முடிகிற வாரம். மேனேஜர் கூப்பிட்டார். "பக்கத்து சீட் நீங்கதானே... பையன் சரிப்படுவானா?"

திக்கென்றது. மனித மூளைகள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல, பலவிதம். இதைச் சொல்ல ஆங்கிலத்தில் 1990-களின் கடைசியில் 'நியூரோடைவர்சிட்டி' என்று ஒரு வார்த்தை வந்தது. ஜப்பானியர் வாயில் அது 'நியூரோ டைபாஷிட்டி'. சொன்னேன்.

"புது சாஃப்ட்வேரா?" என்றார்.

சுத்த ஜப்பானியத்தில் 'ஷின்கெய் தயோசெய்' என்றேன். நரம்புப் பன்மை. 'ஷின்கெய்' காதில் விழுந்ததுமே, "ஓ, டென்ஷன் பேர்வழியா?" என்றார். வம்பு!

சர்க்கார் வார்த்தை ஒன்று உண்டு: 'ஹத்தாட்சு ஷோகாய்', வளர்ச்சிக் குறைபாடு. உதவி செய்வதற்காக 2004-ல் சட்டமே போட்டார்கள். ஆனால், 'ஷோகாய்' என்பதில் இரண்டாவது எழுத்துக்கு 'தீங்கு' என்று அர்த்தம். அதனாலேயே சிலர் அந்த ஓர் எழுத்தை மட்டும், வெறும் ஒலியைக் காட்டும் ஹிராகனாவில் எழுதுகிறார்கள். தவிர, அவனுக்கு இன்னது என்று சொல்ல நான் என்ன டாக்டரா? விழுங்கிவிட்டேன்.

சட்டென்று ஞாபகம் வந்தது: 'தெகோபோகோ'. மேடு பள்ளம்! மோசமான ரோட்டுக்கும் சொல்வார்கள். குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றியும் சொல்வார்கள். எழுத இரண்டே எழுத்து. ஒரு கட்டத்தின் தலையில் மேடு, இன்னொன்றின் தலையில் குழி. முதலாவதைக் கவிழ்த்தால் இரண்டாவதில் கச்சிதமாக உட்காரும்.

பேப்பரில் வரைந்து காட்டினேன். "தப்பு கண்டுபிடிக்கிறது மேடு. போன் பள்ளம். நாம பள்ளத்தை மட்டுமே அளந்துட்டிருக்கோம், ஸார்."

"ஸோ தெஸு நே..." என்றார். 'ஆமாம்' என்றும் கொள்ளலாம், 'போய்ட்டு வா' என்றும் கொள்ளலாம்.

திங்கட்கிழமை அவன் மேஜையில் போன் இல்லை. என் மேஜையில் இரண்டு இருந்தன!

சாயந்திரம் அவனிடம், "கே.ஒய்.னு கிண்டல் பண்ணினேன். மன்னிச்சுக்கோ" என்றேன்.

"தெரியும். காதில் விழுந்தது" என்றான். சற்றுப் பொறுத்து, "எல்லோருக்கும் தெகோபோகோ உண்டு. உங்களுக்கு ஜப்பானிய உச்சரிப்பு பள்ளம்."

காற்றைக் கொஞ்சமும் படிக்காமல்தான் சொன்னான். நிஜத்தைத்தான் சொன்னான்.