கடற்காற்றில் இறுகிய ஆணிகள்

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நாங்கள். யன்னல் கம்பி, சைக்கிள் செயின், படலைப் பூட்டு எல்லாம் கெதியாகத் துருப்பிடிக்கும். லப்டொப் ஆணிகள் மட்டும் தப்புமா? மரீன் டிரைவ் பக்கம் யன்னலோரத்தில் சில வருசம் கிடந்த ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். கறுப்புப் பூச்சுக்குள்ளே மண்ணிறம் தட்டியிருக்கும். மூடியைத் திறக்க என்ன சாமான் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பக்கத்தில் குடியிருக்கிறீர்கள் என்றுதான்.

அப்படிக் கேட்பவர்கள் கூடியது 2022இல். வருசத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. புது லப்டொப் வாங்கும் கதையே இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை கேட்டவர்கள் பேசாமல் இறங்கி வந்து, இருக்கிற பழையதுக்கே ரேம் கூட்டலாமா, எஸ்எஸ்டி போடலாமா என்று யோசித்தார்கள். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமலும் இருந்தது. வெளிச்சம் இருக்கிற நேரத்துக்குள் மூடியைக் கழற்றிப் பூட்ட வேண்டும். அந்த அவசரத்தில்தான் ஆணித் தலைகள் வழுக்கின.

வழுக்குவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. சிலுவை வெட்டுள்ள ஆணிக்கு அமெரிக்காவின் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்றார். ஜெனரல் மோட்டார்ஸ் அதைக் கடிலாக் கார்களில் பூட்டியது. முனை தானாக நடுவில் போய் உட்காரும், தொழிற்சாலைக்கு அது பெரிய வசதி. ஆனால் சரிந்த வெட்டு என்பதால் விசை கூடினால் முனை மேலே ஏறி நழுவும். இரண்டு மில்லிமீற்றர் ஆணி துருவில் இறுகியிருந்தால், இரண்டு தரம் நழுவினாலே தலை மொட்டையாகிவிடும்.

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம் மணிக்கூடு திருத்துகிற பெரியவர் ஒருவர் இருந்தார். கடை என்று சொல்ல முடியாது, ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு ஸ்டூலும். அவருடைய ஸ்குரூ டிரைவரின் தலையில் தனியாகச் சுழலும் சின்னத் தொப்பி இருக்கும். சுட்டுவிரலை அதில் ஊன்றி, பெருவிரலாலும் நடுவிரலாலும் தண்டைத் திருப்புவார். "திருப்பாதீங்க தம்பி, முதல்ல அமத்துங்க" என்பார். அமத்துகிற கை பெரிது, திருப்புகிற கை சின்னது. லப்டொப்புக்கும் இதுதான் முதல் பாடம். காந்த முனையை மட்டும் அவர் தொடவே மாட்டார். மணிக்கூட்டின் மயிரிழைச் சுருளில் காந்தம் ஏறினால் நேரம் பிசகிவிடும். இதில் நான் அவர் பக்கம் இல்லை. ஆணி போர்டுக்குள் விழாமல் பிடித்துத் தருவது அந்தக் காந்தம்தான். எஸ்எஸ்டியில் காந்தப் பதிவே கிடையாது, பழைய ஹார்ட் டிஸ்கைக்கூட முனையிலுள்ள அந்தச் சிறு காந்தம் ஒன்றும் செய்யாது.

அவர் தன் தட்டை முனைகளைச் சாணைக்கல்லில் தேய்த்து ஆணிக்கு அளவாக்குவதைப் பார்க்கிறபோதெல்லாம் அப்பாவின் நினைவு வரும். தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, போரினால் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவை ஓடவிட்டுத்தான் செய்தி கேட்டோம். அந்த றேடியோவைத் திறக்க வீட்டில் இருந்தது மரப்பிடி போட்ட ஒரேயொரு ஸ்குரூ டிரைவர். அப்பா அதன் முனையை அரத்தால் அராவி ஆணியின் வெட்டுக்குப் பொருத்துவார். ஆணிக்கு முனை, முனைக்கு ஆணி என்று அவர் பார்த்தது எத்தனை சரி என்பது எனக்குக் கொழும்பில்தான் விளங்கியது. தட்டை முனையை அராவிக்கொள்ளலாம். சிலுவை முனையை வீட்டில் அராவ முடியாது, நல்லதாகப் பார்த்து வாங்கத்தான் வேண்டும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் நூறு துண்டு கொண்ட பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். பார்வைக்கு அழகு. அதில் எங்களுக்குத் தேவையானவை மூன்று நாலு, முதலில் தேய்வதும் அவைதான். பெரும்பாலான லப்டொப் மூடிக்கு பிஎச்0, அதைவிடச் சின்ன ஆணிக்கு பிஎச்00, தடித்த ஆணிக்கு பிஎச்1. மக்புக் என்றால் வெளியே ஐந்து இதழ் கொண்ட பென்டலோப், உள்ளே பலதுக்கு டோர்க்ஸ் ரி5. எத்தனை துண்டு என்று பார்க்காமல் முனையின் உருக்குக்குக் காசு கொடுக்கலாம்.

போர்க்காலத்தில் வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்குப் பையில் கருவி கொண்டு திரிவது வேறு கதை. சோதனைச் சாவடியில் ஒவ்வொரு ஸ்குரூ டிரைவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும், அதுவும் தெரியாத சிங்களத்தில். கருவிகளை அறையில் விட்டுப் போவதே சுகம். போர் முடிந்த 2009க்குப் பிறகும் கனகாலம் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்படிப்பட்ட நாளொன்றில் லொட்ஜ் நண்பன் ஒருவன் குசினிக் கத்தியால் மூடியை நெம்பினான். மூடி திறந்தது. கத்தி நுனி நின்ற இடம் பற்றரிக்கு ஒரு விரற்கடை தள்ளி. லித்தியம் பற்றரியில் உலோகம் குத்தினால் தீப்பிடிக்கும். நெம்புவதற்குப் பிளாஸ்ரிக் துடுப்போ, கிற்றார் மீட்டுகிற முக்கோணத் தகடோ, காலாவதியான வங்கி அட்டையோ போதும்.

மூடி கழன்றதும் முதல் வேலை பற்றரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு பவர் பொத்தானைச் சில வினாடி அமத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் இறங்கிவிடும். நிலைமின்னைப் பற்றிப் புத்தகங்கள் அதிகம் பயமுறுத்தும். கொழும்பின் ஈரக்காற்றில் அது அவ்வளவாகச் சேராது, ஏசி அறையில் சேரும். மனித உடம்பு உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும், சில்லுகள் அதைவிட மிகக் குறைவிலேயே செத்துப்போகும். நிலைமின்னை இறக்கும் மணிக்கட்டுப் பட்டி விலை அதிகமில்லை, ஆனால் அதன் கம்பியை நிலத்தொடர்புள்ள ஒன்றில் மாட்டினால்தான் பயன்.

ஆணிகளைக் கழற்றும்போதே, மூடியின் படத்தை ஒரு தாளில் கீறி அந்தந்த இடத்தில் செலோடேப்பால் ஒட்டிவையுங்கள். எல்லாம் ஒரே நீளமில்லை. நீள ஆணியைக் குட்டை ஆணியின் துளையில் முறுக்கினால் அது போர்டைத் துளைக்கும். துருவில் இறுகியதற்கு ஈர்க்கு நுனியில் தொட்ட ஒரு துளி துரு நீக்கி எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுக்கலாம். தலை வழுக்கத் தொடங்கினால் றப்பர் பாண்டை இடையில் வைத்து அமத்தலாம். அதற்கும் அசையாவிட்டால் நிறுத்துங்கள், மொட்டை ஆணியைத் துளையிட்டு எடுப்பது வீட்டு வேலையில்லை.

ரேம் வாங்குவதற்கு முன் உங்கள் மொடலின் திருத்தக் கையேட்டைப் பாருங்கள். எச்பி, டெல், லெனோவோ மூன்றும் அதை இலவசமாகவே தருகின்றன, பலதில் ஆணியின் அளவும் இருக்கும். மெல்லிய லப்டொப்புகள் பலவற்றில் ரேம் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. பற்றரி ஊதியிருந்தால் மூடியில் கை வைக்க வேண்டாம், கடைக்குக் கொண்டு போங்கள்.