கெம்பனும் எங்கள் கணக்கேடும்

வாயில்லாச் சீவன் ஒன்றை வீட்டிற்குக் கொண்டுவர நினைக்கும் குடும்பத்தினர், முதலில் கொட்டிலைப் பற்றி எண்ணுகின்றனர். அடுத்துத் தீவனத்தைப் பற்றி எண்ணுகின்றனர். வரவு செலவைப் பற்றி எண்ணுவது பெரும்பாலும் கடைசியில்தான். அன்பு கணக்குப் பார்க்காது என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் கறவை மாடானாலும் காவல் நாயானாலும் அதற்கும் நாள்தோறும் பசிக்கிறது. அப்பசியைத் தீர்க்கும் பணம், பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியோரின் மருந்துக்கும் என வைத்திருக்கும் அதே பெட்டியிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். மட்டக் குதிரை ஒன்றை இரண்டு ஆண்டுகளாக வளர்த்துவரும் எங்கள் குடும்பம், அன்பையும் கணக்கையும் எவ்வாறு ஒருங்கே நடத்தி வருகிறது என்பதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஊரும் குதிரையும்

நாங்கள் வாழ்வது ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளியில். கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு, தமிழகத்திற்குள் புகுந்தபின் முதன்முதலில் தேங்கி நிற்பது எங்கள் ஊர் அணையில்தான். ஒருபுறம் ரோசாத் தோட்டங்களும் கேழ்வரகுக் கொல்லைகளும். மறுபுறம் 1970-களில் உருவாகத் தொடங்கிய சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் எல்லைப்புறம் இது.

குதிரை இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் பரந்து கிடக்கும் அரசுக் கால்நடைப் பண்ணை, 1824-ஆம் ஆண்டில் கும்பினியார் படைக்குக் குதிரை வளர்ப்பதற்கெனத் தொடங்கப்பெற்றதாகும். பின்னாளில் சந்தைக்கும் இரயிலடிக்கும் மக்களை ஏற்றிச் சென்ற சட்கா வண்டிகளைப் பெரியவர்கள் இன்றும் நினைவு கூர்வார்கள். பேருந்தும் ஆட்டோவும் பெருகியபின் அவை மறைந்தன. இன்று குதிரையைக் காண்பது திருமண ஊர்வலங்களில்தான் என்றாகிவிட்டது.

எங்களிடம் வந்த குதிரையும் அத்தகைய ஊர்வலக் குதிரையே. எங்கள் வீட்டுப் பாட்டியின் பிறந்த ஊர், எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் பக்கம். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அதனை வளர்த்து வந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு அலங்கரித்த கார்களே போதுமென்று மக்கள் கருதத் தொடங்கியதால் அவருக்கு வருமானம் குறைந்தது. முதுமையும் சேர்ந்தது. "உங்கள் வீட்டில் இருந்தால் நான் நிம்மதியாகக் கண்மூடுவேன்" என்று சொல்லி, 8,000 ரூபாய்க்கு அதனை எங்களிடம் ஒப்படைத்தார். ஒரேயொரு நிபந்தனை விதித்தார்: வளர்க்க இயலாத நிலை வந்தால் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும், சந்தைக்கு மட்டும் ஓட்டிவிடக் கூடாது. நாங்களும் வாக்குக் கொடுத்தோம்.

செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, நான்கு அடிக்குச் சற்றே மிகுந்த உயரம். கன்னடத்தில் சிவந்தவன் எனப் பொருள்படும் 'கெம்பா' என்பது அதன் பெயர். எங்கள் நாவில் அது கெம்பன் ஆயிற்று. பற்களைப் பார்த்த கால்நடை மருத்துவர், வயது 14 இருக்கலாம் என்றார். நன்கு பேணினால் மட்டக் குதிரைகள் 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்றும் சொன்னார். நாங்கள் ஏற்றுக்கொண்டது ஓரிரு ஆண்டுப் பொறுப்பன்று என்பது அப்போது எங்களுக்கு நன்கு விளங்கியது.

உறவு வளர்ந்த விதம்

வந்த புதிதில் கெம்பன் எங்களில் எவரையும் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகள் "வா, வா" என்று எவ்வளவு அழைத்தும் அசையாமல் நின்றது. மூன்றாம் நாள் பாட்டி கொட்டில் வாசலில் நின்று, "பாரோ கெம்பா" என்றார்கள். காதுகள் இரண்டும் முன்னே திரும்பின. மெல்ல நடந்து வந்து பாட்டியின் தோளருகே மூக்கை நீட்டியது. அதற்குத் தெரிந்த மொழி கன்னடம் என்பது அன்றுதான் பிள்ளைகளுக்குப் புரிந்தது! அன்று முதல் அவர்களும் 'பா', 'நில்லு' என்று பழகிக்கொண்டார்கள். இப்போது கெம்பனுக்குத் தமிழும் ஓரளவு விளங்குகிறது.

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் அமைந்துள்ளன. ஆதலால் நேர் பின்னே நிற்பவரையும் மூக்குக்கு மிக அருகே நேர் முன்னே இருப்பதையும் அதனால் காண இயலாது. பின்புறமாகத் திடீரெனச் சென்றால் அஞ்சி உதைக்கும். தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும். முதலில் கழுத்தில் கை வைக்க வேண்டும், முகத்தில் அன்று. காதுகள் பின்னோக்கி ஒட்டிக் கிடந்தால் அதற்குச் சினம். தளர்ந்து சாய்ந்திருந்தால் அமைதி. இவற்றையெல்லாம் எங்கள் இளைய மகன் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டான். பள்ளியிலிருந்து வந்ததும் கைப்பேசியைத் தேடிக்கொண்டிருந்தவன், இப்போது தேய்ப்பானைத் தேடுகிறான். உடம்பைத் தேய்த்துவிட்டு, குளம்பிலுள்ள மண்ணையும் கல்லையும் நீக்கிய பிறகுதான் தன் பாடப்புத்தகத்தைத் திறக்கிறான்.

பாட்டியிடம் கண்ட மாற்றம் இதனினும் பெரிது. தாத்தா மறைந்த பின் ஓராண்டுக் காலம் அவர்கள் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார்கள். உணவும் பேச்சும் குறைந்துவிட்டன. கெம்பன் வந்தபின், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, முந்திய இரவு ஊறவைத்த கொள்ளை வேகவைப்பது தம் வேலை என்று அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். சிறு வயதில் பேசிய கன்னடத்தில் அதனோடு பேசிக்கொண்டே தீவனம் வைப்பார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.

கணக்கேடு சொன்னது

இனிக் கணக்கிற்கு வருவோம். எங்களுள் ஒருவர் சிப்காட்டில் ஒரு சிறு தொழிற்கூடத்திற்கு வேலைக்குச் செல்கிறார். மற்றவர் வீட்டையும், இரண்டு கறவை மாடுகளையும், அரை ஏக்கர் ரோசாவையும், ஓர் ஏக்கர் மானாவாரிக் கொல்லையையும் கவனித்துக்கொள்கிறார். மாதச் சம்பளம் 14,500 ரூபாய். செலவு போகப் பாலில் நிற்பது 5,500. பூவில் சராசரியாக 5,000. ஆக வரவு 25,000 ரூபாய்.

செலவு இவ்வாறு: மளிகை, காய்கறி 7,000, பிள்ளைகளின் படிப்பு, பேருந்து 4,500, மாட்டுக் கடன் தவணை 4,200, பாட்டியின் மருந்து 1,800, எரிவாயு, மின்சாரம், கைப்பேசி 1,600, துணிமணி, மொய், விருந்தினர் 2,000, மகளிர் சுயஉதவிக் குழுச் சேமிப்பு 1,000. கூட்டினால் 22,100. மீதம் 2,900 ரூபாய்.

இந்த மீதத்திற்குள்தான் கெம்பன் வாழ வேண்டும். முன்னர் வளர்த்தவர் சொல்லியனுப்பிய அளவின்படி நாளொன்றுக்கு அரைக் கிலோ கொள்ளு. கிலோ 80 ரூபாய் வீதம் மாதம் 1,200. நாளொன்றுக்கு ஒரு கிலோ கோதுமைத் தவிடு. கிலோ 28 ரூபாய் வீதம் 840. குளம்பு சீவி லாடம் கட்டுபவர் ஆறேழு வாரங்களுக்கு ஒருமுறை வருகிறார்; மாதக் கணக்கில் 300. பூச்சி மருந்து, இரணஜன்னித் தடுப்பூசி ஆகியவற்றிற்கு ஒதுக்குவது 250. உப்பு, கயிறு முதலியன 60. ஆக 2,650 ரூபாய். கேழ்வரகுத் தாளும் பசும்புல்லும் சொந்த நிலத்தில் கிடைப்பதால் இவ்வளவோடு நின்றது. மாதக் கடைசியில் கையில் இருப்பது 250 ரூபாய் மட்டுமே.

தண்ணீருக்குப் பணச்செலவு இல்லை. ஆயினும் உழைப்பு உண்டு. கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடுகிறதே, அங்கே ஓட்டிச் சென்றால் போதாதா என்று பலர் கேட்டதுண்டு. பெங்களூருப் பகுதியின் கழிவுநீர் கலந்துவருவதால், மழைக்காலத்தில் அணையிலிருந்து திறந்துவிடும் நீர் வெண்ணுரை பொங்கி ஓடுவதை ஊரே அறியும். அந்நீரை நாங்கள் கெம்பனுக்குக் காட்டுவதில்லை. நாளொன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடத்தில் சுமந்துதான் ஊற்றுகிறோம்.

வந்தது சோதனை

சென்ற வைகாசி இறுதியில் எங்கள் மூத்த மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதற் கட்டணமாக 18,000 ரூபாய் செலுத்த வேண்டும். கையிருப்புச் சேமிப்பு 9,000. அதே வாரத்தில் கால்நடைத் தரகர் ஒருவர் வந்தார். கெம்பனைச் சுற்றிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், "இருபதாயிரம் இப்போதே கையில் தருகிறேன். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குக் கொண்டுபோய்விடுவேன்" என்றார். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் அச்சந்தை குதிரைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே நல்ல கைக்கும் போகலாம். செங்கல் சுமக்கவும் போகலாம்.

"குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்ததாம் என்பார்கள். குழி பறிக்கும் முன் விற்றுவிடுங்கள்" என்று அக்கம்பக்கத்தார் அறிவுரை கூறினர். அவர்கள் சொன்னதில் தவறில்லை. பணக்கணக்கு மட்டும் பார்த்தால் விற்பதே இலாபம். கட்டணமும் தீரும், மாதந்தோறும் 2,650 ரூபாயும் மிஞ்சும். இதனை எங்களிடமே மறைத்துக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை.

அன்றிரவு கணக்கேட்டை நடுவில் வைத்துக் குடும்பமாக அமர்ந்தோம். "எனக்காகக் கெம்பனை விற்க வேண்டாம் அப்பா, நான் அடுத்த ஆண்டு சேர்கிறேன்" என்றாள் மகள். "உன் கட்டணம் எப்படியும் கட்டப்படும், கண்ணு. அது பெற்றவர்கள் பாடு. குதிரையையும் உன் படிப்பையும் ஒரே தராசில் வைக்காதே" என்று முதலில் அவளுக்குச் சொல்லிவிட்டோம். விற்றாலும் விற்காவிட்டாலும் அதன் சுமை ஒரு பிள்ளையின் மனத்தில் ஏறக்கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து.

பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வேண்டுமானால் விற்றுவிடுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவரிடம் நான்தானே போய்ச் சொல்ல வேண்டும்?" என்றார்கள். எவரும் மறுமொழி கூறவில்லை. கொடுத்த வாக்கைக் கணக்கேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கண்ட வழி

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் தீவனக் கணக்கைக் காட்டினோம். இரவு முழுதும் ஊர்வலத்தில் நடந்த குதிரைக்கு அந்த அளவு பொருந்தும். இப்போது அத்தகைய உழைப்பு இல்லை. நல்ல தாளும் புல்லும் வயிறாரக் கிடைத்தால் கொள்ளையும் தவிட்டையும் பாதியாக்கலாம் என்றார் அவர். உழைப்பின்றித் தானியம் மிகுந்தால் மட்டக் குதிரைக்கு உடல் பருத்துக் குளம்பில் நோய் காணும் என்றும் விளக்கினார். ஆனால் எந்த மாற்றத்தையும் பத்துப் பதினைந்து நாள்களில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். குதிரைக்கு இரைப்பை சிறியது. வாந்தி எடுக்கவும் இயலாது. தீவனத்தைத் திடீரென மாற்றினால் வரும் வயிற்றுவலி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அவ்வாறே செய்தோம்.

பாதியாக்கியதில் கொள்ளில் 600, தவிட்டில் 420, ஆக மாதம் 1,020 ரூபாய் மிஞ்சியது. மகளிர் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டியில் 9,000 ரூபாய் கடன் பெற்று, சேமிப்போடு சேர்த்துக் கட்டணத்தைச் செலுத்தினோம். மாதம் 900 ரூபாய் அசல். முதல் மாத வட்டி 90. பின்னர் அது குறைந்துகொண்டே வரும். ஆகத் தவணை எந்த மாதத்திலும் 990-ஐத் தாண்டுவதில்லை. கெம்பன் விட்டுக்கொடுத்த தீவனமே மகளின் கடனை அடைத்து வருகிறது என்று இளையவன் சொல்லிச் சிரிக்கிறான். கணக்கின்படி அது உண்மைதான்.

கேழ்வரகுக் கொல்லையில் ஒரு பகுதியை ஒதுக்கி, புரட்டாசியில் கொள்ளு விதைத்தோம். எங்கள் மாவட்டத்தின் செம்மண்ணில் அதிக மழை கேட்காமல் விளையும் பயிர் அது. கெம்பனின் சாணம் மட்கி ரோசாவுக்கு எருவாகிறது. புல்வெட்டிய நாள்களில் இரண்டு கட்டுகளைக் கொல்லையிலிருந்து அதுவே சுமந்து வருகிறது. இவையெல்லாம் சேர்ந்தும் தன் செலவு முழுவதையும் அது ஈட்டிவிடவில்லை. ஈட்ட வேண்டுமென்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

இத்தகைய சீவனை வளர்க்க விரும்பும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். அதற்கெனக் கணக்கேட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். எழுதாத செலவே வீட்டில் சச்சரவை வளர்க்கும். நோய் வரும் நாளுக்கென மாதந்தோறும் சிறு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். வாங்கும் முன்னரே, அதன் ஆயுள் எவ்வளவு, உங்களுக்குப் பின் பார்த்துக்கொள்பவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிலமோ தீவனமோ சிறிதும் இல்லாத வீட்டில் விரலுக்குத் தகுந்த வீக்கமே நல்லது. அங்கே இரண்டு கோழிகள் போதும். வரவு குறையும் நாளில் பிள்ளைகளையும் பெரியோரையும் ஒளித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். கணக்கை அவர்கள் முன்னே விரித்து வையுங்கள்.

குழுக் கடனில் இன்னும் நான்கு தவணைகள் உள்ளன. அவை முடிந்ததும் பாட்டியை ஆனேக்கல் பக்கம் அழைத்துச் சென்று, அப்பெரியவரைப் பார்த்து வருவதாக இருக்கிறோம். கெம்பன் நலமாக இருக்கிறது என்ற செய்தியை அவர்கள் நேரிலேயே சொல்லட்டும்.