குளத்துக்குள் இறங்கிய ஜீப்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி சேற்றில் மாட்டாது என்று சொல்வதில் பாதிதான் உண்மை. சாதாரண கார் குளக்கரையிலேயே திணறி நின்றுவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் நடுக்குளம் வரை போய் நிற்கும். அதை மீட்க வரும் டிராக்டரும் நடுக்குளம் வரை வந்தாக வேண்டும்.

அவிநாசியில் தேசிய நெடுஞ்சாலையை விட்டுச் சேவூர்ப் பக்கம் திரும்பினால் நிலம் பெரும்பாலும் செம்மண். மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். மறுநாளே வண்டி ஓட்டலாம். தோட்டங்களுக்கு இடையே கிளுவை வேலிக்குள் ஓடும் இட்டேரிகளில் மட்டும் கவனம் வேண்டும். பல இட்டேரிகள் இருபுறக் காட்டைவிடத் தாழ்ந்திருப்பதால் தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும். வண்டியைத் திருப்ப இடமும் இருக்காது. தெற்கே பல்லடம் பக்கம் போகப் போகக் கரிசல் தலைகாட்டும். கரிசல் களிமண் நீரை உறிஞ்சி உப்பும். நாலு சுற்றுக்குள் டயர் பட்டைகளின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரானாலும் மொழுமொழுவென்று வழுக்கும் உருளைதான்.

ஆனால் வண்டிகளை உண்மையில் ஏமாற்றுவது குளத்தின் தரை. தண்ணீர் வற்றியதும் மேலே வெயில் பட்டு வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். பார்த்தால் கட்டாந்தரை போலிருக்கும். ஆடு மாடு நடந்தால் தாங்கும். அதன்மேல் ஒன்றே முக்கால் டன் வண்டி ஏறினால் பாளம் உடைந்து, அடியில் ஈரம் காயாத உளைச்சேறு வெளியே வரும். விவசாயிகள் வண்டல் அள்ளிய குழிகள் இன்னும் மோசம். அடுத்த தண்ணீர் கொண்டுவரும் மெல்லிய சேறு அவற்றை மட்டமாக நிரப்பி மூடிவிடுவதால் குழி இருந்த அடையாளமே தெரியாது.

முன்பெல்லாம் அவிநாசிக்காரர்கள் வானத்தைப் பார்த்தே குளத்தின் நிலையைச் சொல்லிவிடுவார்கள். மழை மறைவுப் பகுதி. வடகிழக்குப் பருவம் ஏமாற்றினால் குளம் வருடக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அறுபது ஆண்டுக்கு மேலான கோரிக்கைக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதும் இந்தக் கணக்கு மாறியது. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி.யை இறைத்து, நிலத்தடிக் குழாய் வழியாகக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போவது திட்டம். அதாவது, நீலகிரியில் பெய்த மழை அவிநாசியின் குட்டையில் வந்து தேங்கும். உள்ளூரில் ஒரு சொட்டு விழாத மாதத்திலும் குளத்தடி ஊறிக் கிடக்கலாம். ஊருக்கு இது பெரும் பேறு. வானத்தை நம்பி வண்டியை இறக்குகிறவருக்குத்தான் புதுப் பொறி.

காய்ந்த மேலோடு ஏமாற்றுவது பூமியில் மட்டும் நடப்பதில்லை. நாசாவின் ‘ஸ்பிரிட்’ வண்டிக்கு ஆறு சக்கரம்; ஒன்று 2006-லேயே பழுது. 2009 மே மாதம் செவ்வாயில் மெல்லிய மேலோடு உடைந்து, அடியிலிருந்த பொடிமணலில் அது புதைந்தது. மாதக்கணக்கில் முயன்றும் மீளவில்லை. 2010 ஜனவரியில் நாசா கைவிரித்தது.

நான்கு சக்கரத்துக்கும் விசை போயும் வண்டி ஏன் நகர மறுக்கிறது? சாதாரண டிஃபரன்ஷியல் ஓர் அச்சின் இரு சக்கரங்களில் பிடிமானம் இல்லாத சக்கரத்தையே வீணாகச் சுழலவிடும். முன்னால் ஒன்று, பின்னால் எதிர்மூலையில் ஒன்று சுழன்றால் மற்ற இரண்டும் சும்மா நிற்கும். இதற்காகவே கூர்க்கா போன்ற வண்டிகளில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் வைத்திருக்கிறார்கள். ஆனால் லாக்கால் மண்ணைக் கெட்டியாக்க முடியாது. டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே. 30 பவுண்டு காற்றை 15, 18 பவுண்டுக்கு இறக்கினால் டயர் அகலப் படிந்து பாரத்தைப் பரப்பும். குளத்துக்குள் சீமைக்கருவேல முள் கிடந்தால் காற்று குறைந்த டயரின் பக்கவாட்டில் ஏறிவிடும். இறங்கிப் பார்த்துவிட்டே நகர்த்த வேண்டும்.

சக்கரம் ஒருமுறை சுழன்றதுமே ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். பெரும்பாலோர் மிதிக்கிறார்கள், சக்கரம் தனக்குக் குழி தோண்டிக்கொள்ள, வண்டியின் வயிறு மண்ணில் உட்கார்ந்துவிடும். அதற்குமேல் ஓட்டுநருக்கு வேலையில்லை, மண்வெட்டிக்குத்தான் வேலை. முதலில் வயிற்றுக்கு அடியில் உள்ள மண்ணை இழுத்துவிட வேண்டும். பிறகு சக்கரத்தை ஒட்டிச் சரிவாக வெட்டித் தென்னை மட்டையோ சாக்கோ பலகையோ திணிக்க வேண்டும். முன்னேறப் பார்ப்பதைவிட, வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பது சுலபம். அந்த மண் ஏற்கெனவே அழுந்தியிருக்கும்.

முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டதாகச் சொல்லப்படும் ஊர் அவிநாசி. சேறு விழுங்கிய வண்டிக்கு டிராக்டர்தான் கதி. டிராக்டரைக் கரையின் கெட்டித் தரையில் நிறுத்தி நீளக் கயிற்றால் இழுப்பதே புத்திசாலித்தனம். கிட்டே கொண்டுவந்தால் அதுவும் புதையும். ஜேசிபி புதைந்தால்கூடத் தன் கையை ஊன்றித் தன்னையே இழுத்துக்கொள்ளும். கயிற்றைப் பம்பரில் கட்டவே கூடாது; சேஸில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். அறுந்த இரும்புக்கயிறு ஆளையே வெட்டும். ஆகவே அதன்மேல் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டு, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் கயிற்றின் நீளத்தைவிடத் தூரமாக நிறுத்த வேண்டும்.

குளத்துக்குள் இறங்குமுன் கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். கரையில் ஆடு மேய்ப்பவரிடம் குளத்துக்குக் கடைசியாகத் தண்ணீர் விட்டது எப்போது, வண்டல் அள்ளியது எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இந்த இரண்டையும் எந்த வரைபடமும் சொல்லாது.