கடைசிக் குழாய்

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூர். மகளிர் குழுக் கட்டடத்துத் திண்ணையில் இரண்டு பெண்கள் சோதனைக் குழாய்களைக் கழுவி வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். இவர்கள் அந்த ஐவரில் இருவர். மூத்தவரை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடுகிறது; நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அக்கா போர்வெல் தண்ணீரைக் குழாயில் கோடு வரை ஊற்றினார். கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, கூடுதலாக இருந்த ஒரு துளியைத் தட்டி வெளியேற்றினார். பிறகு செந்நிற மருந்தை அளந்து விட்டுக் கலக்கினார். தண்ணீரில் ஃபுளோரைடு ஏற ஏற அந்தச் சிவப்பு வெளிறி மஞ்சள் பக்கம் நகரும். அதை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். நேர் வெயிலிலும் குழல் விளக்கடியிலும் நிறம் ஏமாற்றும் என்பதால் நிழலில், பகல் வெளிச்சத்தில்தான் பார்க்கிறார்கள். "ரெண்டு பேரும் தனித்தனியா பார்த்து எழுதிக்குவோம். எழுதினப்புறம்தான் பேசுவோம்," என்றார் அக்கா. பயிற்சியில் யாரும் சொல்லித்தராத இந்த ஒழுங்கை அவர்களே ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். அன்று இரண்டு பேர் எழுதியதும் ஒன்றாகவே இருந்தது: 1.5-க்கு மேல், 2-க்குக் கீழ்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. இந்த மண்ணுக்கடியில் இருப்பது கடும்பாறை. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கும் நீர் அதிலுள்ள ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. பல் உருவாகும் வயதில் அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுகிறது. அது தேய்த்தால் போவதில்லை. பல ஆண்டுகள் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகும். 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயைப் பதிவு செய்துவிட்டார்கள். ஆனாலும் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று இன்றும் வீட்டுக்கு வீடு நம்புகிறார்கள். கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கும். அக்கா இதைச் சொல்லாத வாசல் அந்த ஊரில் இல்லை.

இந்தப் பாதிப்பைப் போக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆற்று நீரில் ஃபுளோரைடு குறைவு. சிக்கல் ஊருக்குள் வந்த பிறகுதான் தொடங்குகிறது. வரவு குறைந்த நாளில் மேல்நிலைத் தொட்டியை நிரப்ப போர்வெல் மோட்டாரைப் போட்டுவிட வேண்டியதாகிறது. இரண்டு தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. அதனால் எந்த நாளில் எந்த வேளையில் மாதிரி எடுத்தார்கள் என்று எழுதாத அறிக்கையை நான் இனி நம்பமாட்டேன். அக்காவின் நோட்டில் அதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது: "ஆத்துத் தண்ணி", "போர்", "கலப்பு".

ஃபுளோரைடு மெதுவாகக் கெடுக்கும். கிருமி இரண்டு நாளில் படுக்கவைக்கும். அதைத் தடுக்கும் பொறுப்பு டேங்க் ஆபரேட்டருடையது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், விடியுமுன்பே தொட்டி மேல் ஏறிவிடுகிறார். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே கொட்டுவதில்லை. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பொறுத்து, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுகிறார். அரைமணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். "அதுக்குள்ள நாலு போன் வந்துடுங்க, தண்ணி ஏன் விடலன்னு. விட்டா, மருந்து வாசனை அடிக்குதுன்னு இன்னும் நாலு போன்," என்றார். பவுடர் மூட்டையைத் திறந்து வைத்தால் குளோரின் வீரியம் போய்விடும் என்று அதை இறுகக் கட்டி நிழலில் வைத்திருக்கிறார். அவர் கையில் உறை இல்லை, முகத்தில் மூடி இல்லை. ஒரு ஊரின் உயிரைக் காக்கும் வேலைக்கு இந்தச் சிறு செலவைக்கூடச் செய்யாதது எனக்குப் பெரும் வேதனை.

தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாயில் குளோரின் பார்த்தார்கள். மருந்து விட்டதும் நிறம் தெளிவாக ஏறியது. ஆனால் அக்கா அங்கே நிற்கவில்லை. தெருக்கள் கடந்து, லைன் முடியும் காலனியின் கடைசிக் குழாய்க்கு நடந்தார். அங்கே நிறமே வரவில்லை. கடைக்கோடியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. வழியில் துருவும் பாசியும் அதைத் தின்றுவிடுகின்றன. தண்ணீர் நின்ற நேரத்தில் காலிக் குழாய், கசியும் மூட்டு வழியாகச் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். நடுத்தெரு வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இழுப்பு இன்னும் கூடும். தொட்டியடியில் எடுத்த மாதிரியோடு திரும்பியிருந்தால் அந்த ஊரின் தண்ணீர் "பாதுகாப்பானது" என்றே பதிவாகியிருக்கும்.

கிருமி உண்டா என்று பார்க்க ஒரு சிறு குப்பி இருக்கிறது. கோடு வரை நீர் ஊற்றி மூடி வைத்தால், மலக்கழிவோடு வரும் கிருமிகள் இருக்கும்போது உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகி நீர் கறுக்கும். 1980-களில் குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தில் உருவான எளிய முறை. ஆனால் கறுக்க ஒன்று இரண்டு நாளாகும். மாவட்ட ஆய்வகத்தில் செய்யும் முழுச் சோதனையும் அப்படித்தான். குப்பி கறுக்கும்போது அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருப்பார்கள். கடைசிக் குழாயில் அன்றன்றைக்குப் பார்க்கும் குளோரின் ஒன்றுதான் குடிக்குமுன் எச்சரிக்கிறது. இந்தப் பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது என்பதை இதோடு சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மாலையில் ஆபரேட்டரும் அக்காவும் பஞ்சாயத்து அலுவலக வாசலில் வாதாடினார்கள். பவுடரைக் கூட்டினால் முதல் தெரு குடிக்காது. கூட்டாவிட்டால் காலனிக்குப் போய்ச் சேராது. லைனின் கடைசியிலிருக்கும் வால்வைத் திறந்து, தேங்கிய நீரை முதலில் வெளியேற்றிவிட்டு, காலனிக்குத் தனி முறையாக முதல் தண்ணீர் விடுவதென்று முடிவானது. போர்வெல்லை மேல்நிலைத் தொட்டியிலிருந்து பிரித்து சின்டெக்ஸ் தொட்டிக்குத் திருப்ப வேண்டும் என்றும் அக்கா சொன்னார். துவைக்கவும் கழுவவும் அது ஆகும். குழாய் வாங்கப் பணம் வரும்வரை போர்வெல்மேல் சிவப்புப் பெயின்ட் அடித்து "குடிக்க வேண்டாம்" என்று எழுதிவிடலாமே என்றார். "வெயில் காலத்துல ஆத்துத் தண்ணி வரலன்னா?" என்றார் ஆபரேட்டர். அன்று அதற்குப் பதில் கிடைக்கவில்லை. வால்வு மாற்றியதும் மறுபடி பார்ப்பதற்காகக் காலனிக் குழாயின் பெயரை அக்கா நோட்டில் முதல் வரியில் எழுதிக்கொண்டார்.