ஆறு நம்பரும் அக்காவின் கார்டும்

மலர்க் குழுவினர் கேட்டபோது கவிதை ஒன்று எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். காதல் கவிதைகள் ஏற்கெனவே பதினேழு வந்துவிட்டனவாம்! ஆகவே நான் ஏமாந்த கதையை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா, நைட் ஷிப்ட் முடித்து ஊருக்கு வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் போன் என் கையில். "உங்கள் கிரெடிட் கார்டில் 5,900 ரிவார்டு பாயிண்ட். இன்றிரவோடு காலாவதி" என்று ஒரு எஸ்.எம்.எஸ். கீழே ஒரு லிங்க். அக்கா எழுந்ததும் ஆச்சரியப்படட்டுமே என்று அவள் பர்ஸிலிருந்து கார்டை எடுத்தேன்.

லிங்கைத் தட்டினால் பேங்கின் பெயர், நிறம், முத்திரை எல்லாம் அச்சு அசல். கார்டு நம்பரில் ஓர் எண்ணை மாற்றி அடித்துவிட்டேன். உடனே "தவறான எண்" என்று சிவப்பில் காட்டியது. அங்கேதான் விழுந்தேன்! தப்பைக் கண்டுபிடிக்கிறதே, அப்போ பேங்க்தான் என்று நம்பினேன்.

நான் படிப்பது எலக்ட்ரானிக்ஸ் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கார்டின் கடைசி எண் சரிபார்க்கவென்றே வைத்தது. ஐ.பி.எம்.மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களில் வகுத்த கணக்கு அது. வலப்பக்கமிருந்து ஒன்று விட்டு ஒரு எண்ணை இரட்டிக்க வேண்டும். ஒன்பதைத் தாண்டினால் ஒன்பதைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும், அவ்வளவுதான். நம்ம சி லேபில் யாரும் எழுதிவிடலாம். திருடனுக்கு எழுத வராதா?

பிறகு சி.வி.வி., பிறகு ஓடிபி. வந்த மெசேஜில் ஆறு எண்ணை மட்டும் பார்த்து அடித்தேன். பக்கத்திலேயே 18,400 ரூபாய் என்று தொகை, ஏதோ ஒரு கடையின் பெயர், யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கை எல்லாம் இருந்தன. பாயிண்ட் வாங்குவதற்கு ரூபாய் எதற்கு என்று அந்த வரியைப் படித்திருந்தால் கேட்டிருப்பேன்.

பணம் போன மெசேஜும் வந்தது. வயிற்றைக் கலக்கியது. அதை அழித்துவிட்டு, கார்டைப் பர்ஸிலேயே வைத்துவிட்டேன். ஏமாந்ததைவிடப் பெரிய தப்பு அதுதான். அன்று மாலை அக்கா கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை போனேன், வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அதே கார்டில் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் 6,150 ரூபாய் போனது. ஓடிபியே இல்லை! பல வெளிநாட்டுத் தளங்களுக்கு கார்டு நம்பர், காலாவதித் தேதி, சி.வி.வி. போதும். கார்டு வந்த புதிதில், பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை 'இருக்கட்டுமே' என்று ஆன் செய்து கொடுத்தவனும் நான்தான்.

அக்காவின் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்ட் முடிந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"டேய், கார்டுல எதாவது வாங்கினியா?"

அழுதுவிட்டேன். அவள் திட்டவில்லை. முதலில் கார்டை பிளாக் செய்தாள். பிறகு 1930-க்குப் போன் போட்டாள். பணம் போன உடனே அந்த எண்ணில் சொன்னால் வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் சொன்னது இரண்டு நாள் கழித்து!

பேங்கில் ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதியைச் சொன்னார்கள். ரகசிய விவரத்தை நாமே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை ஆன நஷ்டம் நம்முடையது. புகாருக்குப் பிறகு ஆவது பேங்கினுடையது. ஞாயிறன்றே வாயைத் திறந்திருந்தால் அந்த 6,150 தப்பியிருக்கும்.

மொத்தம் 24,550. அக்கா தவணையாக மாற்றிக் கட்டுகிறாள். நான் சனிக்கிழமைகளில் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய்க் கிடைப்பதை அவளிடம் கொடுக்கிறேன். இன்னும் இரண்டு தவணை பாக்கி. இப்போதெல்லாம் ஓடிபி வந்தால், "ஆறு நம்பர், வாடா. மெசேஜை முழுசா வாசி" என்று போனை என்னிடமே நீட்டுகிறாள்.